கைப்பேசியும் பணப்பெட்டிதான்



பல்லடம், அவினாசிப் பக்கம் பல வீடுகளில் ஒருவர் தோட்டம் பார்க்கிறார். இன்னொருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார். இருவர் வரும்படிக்கும் இன்று கைப்பேசிதான் பணப்பெட்டி.

2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருகிறதல்லவா? அதைச் சொல்லியே திருடர்களும் வருகிறார்கள். "கிசான் பணம் வந்திருக்குதுங்க, இதை அமுக்குங்க" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். அது போனுக்குள் புகுந்து, பாங்க் அனுப்பும் ஓ.டி.பி.யைத் திருடிவிடும்.

இன்னொன்று: பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும், வாங்க வேண்டியதில்லை. "பணம் போடறேன், பின் நம்பரைப் போடுங்க" என்றால் அது மோசடியே.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், பாங்குக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறுமுன் சொன்னால் தடுத்து நிறுத்த வழியுண்டு.