வயசுலேருந்து எடையைக் கழிங்க

எனக்குக் கொடுத்த தலைப்பு முதியோர் நலம். அதில் எலும்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததிலிருந்து, நம்ம குழுக்களிலிருந்தே போன தன்னார்வலர் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறாங்க. ஆனா எலும்பு பலமா இருக்கான்னு நம்ம ஊர்ல யாரும் கேட்கிறதில்லை. மூட்டுத் தேய்மானம் வேற, எலும்புப்புரை வேற. மூட்டு வலிச்சுக் காட்டிக்கொடுக்கும். எலும்புப்புரை வலிக்காது, ஒடியிற அன்னிக்குத்தான் தெரியும்.

எங்க தெருவில் ஒரு பெரியம்மா. வாசப்படியில் தடுக்கி, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சது. மாவுக்கட்டுப் போட்டுச் சரியாயிடுச்சு. நின்ன உயரத்திலிருந்து விழுந்ததுக்கே எலும்பு ஒடிஞ்சா, எலும்பில் பலம் இல்லைன்னு அர்த்தம். அதைக் கட்டுப் போட்டவங்க சொல்லவே இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு பாத்ரூம்ல வழுக்கி இடுப்பெலும்பு போச்சு. ஆபரேஷன், அப்புறம் படுக்கை. மருமக நூறு நாள் வேலைக்குப் போகலை, குழுக் கூட்டத்துக்கும் வரலை. கடன் தவணை மூணு மாசம் நின்னு போச்சு.

எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். எல்லாரையும் கூட்டிட்டுப் போக முடியாது. யாரை அனுப்பணும்னு பிரிக்க ஒரு கணக்கு இருக்கு. ஆசியப் பெண்களை வைத்தே போட்டது, பேரு ஓஸ்டா. மாதவிலக்கு நின்னவங்களுக்கு, வயசுலேருந்து எடையைக் கழிக்கணும். 5க்கு மேல வந்தா கவனிக்கணும், 20க்கு மேல வந்தா ஆபத்து அதிகம். 66 வயசு, 43 கிலோன்னா 23 வருது. அவங்களை டாக்டர் பார்த்தே ஆகணும். இதுக்கு அங்கன்வாடி எடை மெஷின் போதும்.

கணக்கு குறைவா வந்தாலும் இன்னும் சில கேள்வி இருக்கு. 50 வயசுக்கு மேல சின்ன அடியிலேயே எலும்பு ஒடிஞ்சிருக்கா? அப்பா அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒடிஞ்சதா? கூன் விழுந்து உயரம் குறைஞ்சிருக்கா? மூச்சிரைப்புக்கோ வாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டாங்களா? மூட்டு வலிக்குன்னு பேர் தெரியாத பொடி வாங்குறவங்களும் இதைக் கவனிக்கணும், சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

இன்னொண்ணு. சின்ன வயசுலயே கர்ப்பப்பை எடுத்தவங்க எத்தனை பேருன்னு கையைத் தூக்கச் சொன்னா தெரியும், தூக்க வேண்டாம். கூடவே ரெண்டு சினைப்பையையும் எடுத்திருந்தா எலும்பு சீக்கிரமே கரைய ஆரம்பிச்சிடும். அந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமா வைங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஆம்பளைங்களுக்கும் இது வரும், தாத்தாக்களையும் விட்டுடாதீங்க.

குதிகாலை மெஷின்ல வச்சுப் பார்த்துட்டு சத்துப் பவுடர் விற்கிற கேம்ப் வந்தா, பணம் கொடுக்காதீங்க. குதிகாலை மட்டும் பார்த்து நோயை முடிவு பண்ண முடியாது. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் தினம் சாப்பிடுங்க, வெயில்ல கொஞ்சம் நில்லுங்க. ஆனா ஏற்கெனவே எலும்பு ஒடிஞ்சவங்களுக்குக் கூழ் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒரு தடவை போடுற மாத்திரை இருக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்தா வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட போட்டு, அரை மணி நேரம் படுக்காம, வேற எதுவும் சாப்பிடாம இருக்கணும்.

நான் கேட்கிறது ஒண்ணுதான். பிரஷர் பார்க்க வர்ற பெண்கள் எடையையும் எழுதி, இந்தக் கேள்விகளையும் கேட்கணும். ஆபத்து உள்ளவங்க பேரை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குக் கொடுக்கணும். இதைக் கூட்டமைப்புத் தீர்மானமாக எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுப்போம். தீர்மான நோட்டு முன்வரிசையில் இருக்கு, சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.