நம்ம லேபிள் நம்ம கையில்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலையும் குழு வேலையும்தான் எனக்குத் தெரியும். நம்ம பாக்கெட்டு மேல ஒட்டுற லேபிளை நாமே கம்ப்யூட்டர்ல செய்ய, காசில்லாமக் கிடைக்கிற சில மென்பொருள்களைப் பற்றி இன்னைக்குச் சொல்லப் போறேன்.

மசாலாப் பொடி, ஊறுகாய், சிறுதானிய மாவுன்னு நாம பலதும் செய்யுறோம். ஒரு உணவுப் பாக்கெட்டுன்னா அதுல பொருளின் பெயர், என்னென்ன சேர்த்திருக்கோம், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்தணும், நம்ம முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்புத் துறை தந்த 14 இலக்க எண் எல்லாம் இருக்கணும். மிளகாய் விலை ஏறினா நம்ம விலை மாறும். 100 கிராம் பாக்கெட்டை 200 கிராம் ஆக்கினா எடை மாறும். ஒவ்வொரு தடவையும் லேபிளும் மாறணும்.

எங்க குழு முன்னாடி இதை வெளியில ஒரு கடையில் கொடுத்துத்தான் செய்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் 200 ரூபாய். ஃபைலைக் கொடுங்கன்னு கேட்டா, "அதெல்லாம் வெளிய தர மாட்டோம்மா"ன்னு பதில். ஒரு தீபாவளிக்கு முன்னாடி விலையை மாத்தணும்னு போனோம். வேலை நெருக்கடி, பத்து நாள் ஆகும்னுட்டாங்க. ஆர்டர் பேசி அரைச்சு வச்ச 300 பாக்கெட் பொடி லேபிள் இல்லாமத் திண்ணையிலேயே இருந்தது. பொடி நம்மது, உழைப்பு நம்மது. அதோட முகம் மட்டும் அடுத்தவங்க பெட்டிக்குள்ள.

எங்க குழு அக்கா ஒருத்தரோட பையனுக்குப் பள்ளிக்கூடத்துல அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. அதுலதான் கத்துக்கிட்டோம். இந்த மென்பொருள்களுக்குக் "கட்டற்ற மென்பொருள்"னு பேரு. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மேன் என்பவர் 1983-ல் இதுக்கான இயக்கத்தைத் தொடங்கினார். யார் வேணும்னாலும் எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், எப்படிச் செய்திருக்காங்கன்னு பார்த்து மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் காப்பி கொடுக்கலாம், மாத்தினதையும் கொடுக்கலாம். நம்ம கோலம் மாதிரிதான். பக்கத்து வீட்டு வாசல்ல பார்த்து நோட்டுல வரைஞ்சுக்கிறோம், ரெண்டு புள்ளி கூட்டிப் போடுறோம், மகளுக்குச் சொல்லித் தர்றோம். அதுக்கு யாரும் காசு கேட்டதில்லை, திருட்டுன்னும் சொன்னதில்லை.

லேபிளுக்கு நாங்க பயன்படுத்துறது இங்க்ஸ்கேப். 2003-ல் வந்தது. இதுல வரைஞ்சதைச் சின்ன டப்பாவுக்கும் வைக்கலாம், பெரிய பேனருக்கும் வைக்கலாம், மங்காது. பொடியைப் போட்டோ எடுத்து, பின்னாடி தெரியுற கொடிக்கயித்தையும் துணியையும் நீக்க கிம்ப். 1995-ல் ரெண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கினது. ஆரி வேலை, கோலம் வரையுறவங்களுக்கு கிரிட்டா. ஒரு பக்கம் கோடு இழுத்தா மறுபக்கம் தானே வரும். சந்தைக்கு மைக் செட்டுல போட விளம்பரம் பேச ஆடாசிட்டி. முதல்ல ரெண்டு மூணு விநாடி சும்மா இருந்து, அப்புறம் பேசணும். அந்தச் சும்மா இருந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல்னு காட்டணும். பிறகு முழுசையும் தேர்ந்தெடுத்து, இரைச்சலைக் குறைக்கிற வசதியைப் போட்டா, ஃபேன் சத்தம் மொத்தமும் குறையும். கணக்குக்கும் அழைப்பிதழுக்கும் லிப்ரே ஆபிஸ். அதைத் தமிழ் மெனுவோடயே வச்சுக்கலாம்.

இலவசம்னா தரம் இருக்குமான்னு கேப்பீங்க. பிளெண்டர்னு ஒரு கட்டற்ற மென்பொருள்ல செய்த "ஃப்ளோ" என்ற அனிமேஷன் படம் 2025-ல் ஆஸ்கார் வாங்கியிருக்கு. நம்ம ஊறுகாய் லேபிளுக்கு அந்தத் தரம் போதாதா?

செய்யும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிடுறேன். தமிழ் எழுத்துக்கு யூனிகோடு எழுத்துரு வேணும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன் இதெல்லாம் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். பழைய எழுத்துருவுல அடிச்சா, அது இல்லாத கம்ப்யூட்டர்ல புரியாத எழுத்தாத் தெரியும். அச்சுக்குக் கொடுக்கும்போது பி.டி.எஃப். ஆக்கி, எழுத்தைக் கோடாக மாத்துற வசதியை டிக் பண்ணிடுங்க. அப்ப எந்த அச்சகத்துல திறந்தாலும் தமிழ் உடையாது. திரையில் தெரியுற நிறம் காகிதத்துல கொஞ்சம் மாறும். அதனால ஒண்ணு மட்டும் அடிச்சுப் பார்த்துட்டு மீதியை அடிங்க. மென்பொருளை அதோட சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்க. பணம் கட்டுன்னு கேட்டா அது வேற தளம், வெளிய வந்துடுங்க. லேபிளோட மூல ஃபைலை ஒரு பென் டிரைவ்லயும் வச்சுக்கங்க.

உடனே வந்துடாது. எங்களுக்கு முதல் லேபிள் முடிய மூணு வாரம் ஆச்சு. சமையல் முடிச்சு, பிள்ளைகளைத் தூங்க வச்சு, ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருவோம். இப்ப விலையை மாத்த பத்து நிமிஷம் போதும். அச்சுக்கூலி எப்பவும் போல உண்டு. திருத்தக்கூலி கிடையாது. அதைவிட, யாரையும் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

கூட்டமைப்புக்கு என்னோட கோரிக்கை இது. நம்ம அலுவலகக் கம்ப்யூட்டர்ல இந்த மென்பொருள்களை ஏத்தி வைக்கணும். மாசம் ஒரு நாள் குழுவுக்கு ஒருத்தர் வந்து கத்துக்கணும். கத்துக்கிட்டவங்க ஊருக்குப் போய் இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லித் தரணும். ஒவ்வொரு குழுவோட லேபிள் ஃபைலும், தீர்மான நோட்டு மாதிரி, அந்தக் குழுகிட்டயே இருக்கணும். அடுத்த கூட்டத்துல இதைத் தீர்மானமாப் போடணும்னு கேட்டுக்கிறேன். முதல் மாச வகுப்புக்கு நான் வர்றேன்.