டாட் இன்ஃபோவில் முதலில் நுழைந்தவர்கள்

2000 நவம்பரில், இணைய டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஏழு புதிய டொமைன் முடிவுகளைத் தேர்ந்தெடுத்தது. டாட் காமில் நல்ல பெயர்களெல்லாம் போய்விட்டன என்று ஏங்கியவர்கள் டாட் இன்ஃபோவையும் டாட் பிஸ்ஸையும் ஆவலோடு எதிர்பார்த்தார்கள்.

டாட் இன்ஃபோவை நடத்திய அஃபிலியாஸ், 2001 ஜூலையில் 'சன்ரைஸ்' என்ற முன்பதிவைத் தொடங்கியது. பதிவான டிரேட்மார்க் உள்ளவர்களுக்கு முதல் உரிமை. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பிரபலப் பெயர்களை யாரோ பிடித்து வைத்துக்கொண்டு விலை பேசியதை டாட் காமில் பார்த்தாயிற்று. அதனால் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் டிரேட்மார்க் எண், நாடு, தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுத்தாலே போதும் என்று விட்டுவிட்டார்கள். அது உண்மையா என்று யாரும் பார்க்கவில்லை. இல்லாத டிரேட்மார்க்கைச் சொல்லிப் பலர் பொதுச் சொற்களை அள்ளிக்கொண்டார்கள். உண்மை பேசியவர் வெளியே நின்றார், பொய் சொன்னவர் உள்ளே போனார். பின்னர் அஃபிலியாஸே அந்தப் பதிவுகளை எதிர்த்து முறையிட வேண்டி வந்தது. உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் முன் வந்த வழக்குகள் 15,000-ஐத் தாண்டின.

டாட் பிஸ்ஸில் வேறு விதமான அநியாயம். ஒரு பெயரைப் பலர் கேட்டால் குலுக்கல். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் உண்டு, ஒருவரே எத்தனை வேண்டுமானாலும் போடலாம். காசுள்ளவருக்கு வாய்ப்பு கூடியது. இது சட்டவிரோத லாட்டரி என்று கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். அந்த முறை கைவிடப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டாட் இயு 2005 டிசம்பரில் முன்பதிவைத் தொடங்கியபோது ஆவணங்களைக் கேட்டது. அதிலும் ஓட்டை இருந்தது. டயரைக் குறிக்கும் 'ரைஃபன்' என்ற ஜெர்மன் சொல்லின் எழுத்துகளுக்கிடையே '&' குறியைச் செருகி, ஸ்வீடனில் டிரேட்மார்க் வாங்கியது ஒரு நிறுவனம். டொமைனில் அந்தக் குறி இடம்பெறாது. எனவே அதை நீக்கியதும் பொதுச் சொல் அப்படியே கைக்கு வந்தது. இது வழக்காகி, 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம், பயன்படுத்தும் எண்ணமின்றி முன்பதிவுக்காகவே டிரேட்மார்க் வாங்கினாரா என்பதைக் கெட்ட நோக்கத்தை எடைபோடும்போது பார்க்க வேண்டும் என்றது.

புதிய டொமைன் முடிவுகளுக்காக 2013-இல் வந்த டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ் என்ற பதிவகம் சான்றுகளை முன்கூட்டியே சரிபார்க்கிறது. பொய்க்கு இடம் குறைந்தது, அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஒரு தொழிலுக்கு வாங்கிய டிரேட்மார்க், எந்தப் பொருளுக்கான புதிய முடிவிலும் முன்னுரிமை தருகிறது. கம்ப்யூட்டருக்காக 'ஆப்பிள்' என்ற பெயரைப் பதிந்த நிறுவனம், பழம் விளைவிப்பவருக்கு முன்னால் நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. டிரேட்மார்க் எந்தத் தொழிலுக்கோ அந்தத் தொழில் சார்ந்த முடிவில் மட்டும் முன்பதிவு தரட்டும்; மற்ற இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வரிசைக்கு வரலாம்.