ஒலிபெருக்கியை ஊர் நம்பியது எப்படி?

சுரங்கத்தில் ஷிப்ட் மாற்றிக்கொண்டும் வயல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டும் வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் இதழியல் மாணவ மாணவியரே,

புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். கடல் ஊருக்குள் ஏறுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். எல்லோரையும் கிளம்பச் சொல்லுங்கள் என்றார் அவர். ஊரில் இருந்த ஒலிபெருக்கி வழியாக அந்தச் செய்தி தெருத்தெருவாகப் போனது. வீடுகளும் படகுகளும் அழிந்தன; சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள்.

அந்தப் போன் அழைப்பைப் பற்றி உலகம் முழுக்க எழுதிவிட்டார்கள். நான் பேச வந்தது ஒலிபெருக்கியைப் பற்றி. ஒலிபெருக்கியில் யாரோ கத்தினால் ஓர் ஊரே வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடுமா? ஓடியது. ஏனென்றால் அந்த ஒலிபெருக்கி அதற்கு முன்பு நாள்தோறும் அவர்களிடம் பேசிப் பழகியிருந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல், நல்லவாடு உட்பட, புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் நடுமையம். ஒரு கம்ப்யூட்டர், வயர்லெஸ் கருவி, மின்சாரம் போனால் கைகொடுக்கச் சூரியத் தகடு, அவ்வளவுதான் முதலீடு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக்கடல் அலை உயரக் கணிப்பு வரும். அதை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே ஊர்ப் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். மற்ற மையங்களில் நெல் விலை, அரசுத் திட்டங்கள் என்று ஊருக்கு ஊர் செய்தி மாறும். ‘நம்ம ஊரு செய்தி’ என்று மாதம் இருமுறை ஒரு பத்திரிகையும் வந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. மையம் தொடங்கும் முன்பே, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஊராரிடம் கேட்டார்கள். எல்லாச் சாதியாரும் தடையின்றி வந்துபோகும் இடமாக இருந்தால்தான் மையம் என்று நிபந்தனை போட்டார்கள். வாட்ஸ்அப்பும் யூடியூபும் இல்லாத காலத்தில், இன்று நாம் ‘ஆன்லைன் வாசகர் வட்டம்’ என்று சொல்வதன் அஸ்திவாரம் நம் நெய்வேலியிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் போடப்பட்டது. இதழியல் வகுப்புகளில் இதை முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2015 நவம்பர் 9-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் நெய்வேலியில் பதிவான மழை 48 சென்டிமீட்டர். பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடைத் தண்ணீர் ஊருக்குள் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. மூன்று வாரம் கழித்துச் சென்னை மூழ்கியது. சென்னையில், தண்ணீர் நின்ற தெருக்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் மக்களே குறித்தார்கள். எந்தத் தெருவில் யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று ட்விட்டரில் குறிச்சொற்கள் வழியாகத் திரட்டினார்கள். கடலூர் மாவட்டத்து ஓடைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் அந்தக் கவனம் கிடைக்கவில்லை. இந்த மண்ணின் பத்திரிகையாளர்களுக்கு அது இன்னும் தீராத கடன் என்றே நினைக்கிறேன்.

அதே வெள்ளக் காலத்தில்தான் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் பெயர் வீடுதோறும் தெரிந்தது. அவர் வானிலைத் துறை அதிகாரி அல்லர், பத்திரிகையாளரும் அல்லர். ஆனால் வெள்ளம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மழைக் கணக்கைச் சேர்த்து எழுதிவந்தவர். ரேடார் படத்தைப் போட்டு, மேகம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று எளிய மொழியில் விளக்குவார். கீழே வாசகர்கள் தங்கள் பகுதி மழை நிலவரத்தை எழுதுவார்கள். பீதி கிளப்பும் ஃபார்வர்டு வந்தால், நம்பாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்வார். மழையே இல்லாத மாதங்களிலும் அந்தப் பேச்சு நடந்தது. வெள்ளம் வந்தபோது ஜனங்கள் அவரைத் தேடிப் போனதற்கு அதுதான் காரணம். விபத்து நாளில் புதுக் குரூப் தொடங்கி ஊரைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு இந்த நம்பிக்கை வாய்க்காது.

விபத்து என்றதும் உங்கள் முகம் மாறுவது தெரிகிறது. 2020 மே 7, ஜூலை 1. நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு கொதிகலன் விபத்துகள். ஜூலை 1 அன்றே 6 பேர் இறந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் உள்ளே வேலைக்குப் போனவரின் மனைவி எதைத் தேடுவாள்? யார் பணியில் இருந்தார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்பதைத்தான். அப்போது போனில் வருவதோ யாரோ எடுத்த தீக்காயப் படம், சரிபார்க்காத பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலை முதலில் அனுப்பும் போட்டியில் நீங்கள் இறங்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒருவர், கேட்டில் ஒருவர், தொழிற்சங்கத்தில் ஒருவர் என்று முன்கூட்டியே தொடர்பு வைத்திருந்து, உறுதியானதை மட்டும், எத்தனை மணிக்கு உறுதியானது என்ற குறிப்போடு போடுங்கள். தவறாகப் போய்விட்டால் எந்தக் குரூப்பில் போட்டீர்களோ அதே குரூப்பில் திருத்தத்தையும் போடுங்கள். பழைய பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள்.

சரிபார்த்த கணக்கு நிலத் தகராறிலும் தேவை. 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய மேல்வளையமாதேவியில் கதிர் பிடித்து நின்ற நெல்வயலில் மண் தோண்டும் எந்திரங்கள் இறங்கின, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் உண்டு என்றது சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம். விளைந்த பயிரை அறுக்கும் வரை பொறுத்தால் என்ன என்று கேட்டார்கள் உழவர்கள். இரண்டே நாளில் நெய்வேலி ஆர்ச் கேட் அருகே நடந்த போராட்டம் கலவரமாக முடிந்தது. பயிர் மடங்கும் வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. ஆனால் எந்த சர்வே எண், எந்த ஆண்டு எடுக்கப்பட்டது, ஏக்கருக்கு யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று ஒரே இடத்தில் பார்க்க ஓர் அட்டவணை பொதுமக்கள் கையில் இருந்திருந்தால், அந்த வாரத்துப் பேச்சு வேறு மாதிரி நடந்திருக்கும்.

அத்தகைய அட்டவணையைத் தனி ஒரு நிருபரால் செய்ய முடியாது. 2009-இல் பிரிட்டிஷ் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களாக வெளிவந்தபோது, கார்டியன் பத்திரிகை அதை அப்படியே இணையத்தில் ஏற்றி வாசகர்களைப் படித்துப் பார்க்கச் சொன்னது. 20,000-க்கும் மேற்பட்டோர் உட்கார்ந்து படித்தார்கள். நம் பக்கத்து ஊர்களான கரிவெட்டியிலும் கத்தாழையிலும் தகரப்பெட்டியில் பட்டாவும் நோட்டீசும் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. போனில் படம் எடுத்து ஒரு படிவத்தில் ஏற்றச் சொல்ல உங்களால் முடியும். தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போட்டு ஒத்துப் பார்க்கவும் முடியும். ஆனால் அந்தக் காகிதத்தில் ஆதார் எண் இருக்கும், வங்கிக் கணக்கு இருக்கும். அவற்றை மறைக்காமல் ஒரு பக்கம்கூட வெளியே போகக் கூடாது. யாருடைய பெயரை வெளியிடலாம் என்று அவரவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உங்களுக்கு அனுப்பிய ஆடியோவால் அவருடைய கேட் பாஸ் போனால், அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். அஞ்சுகிறவர்களுக்குத் தனி எண் கொடுங்கள்.

டைப் அடிக்கத் தெரியாதவர்களை விட்டுவிட்டு ஊர் என்று சொல்லிக்கொள்வதும் தவறு. சத்தீஸ்கரில் சுப்ரான்ஷு சௌத்ரி 2010-இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவில் சாதாரணப் போனிலிருந்து கூப்பிட்டு, கோண்டி மொழியில் பேசியே செய்தி சொல்லலாம். குடிநீர் அடிபம்பு ரிப்பேர் என்றால், பொறுப்பான அதிகாரியின் நம்பரையும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்பவர்கள் அந்த அதிகாரிக்குப் போன் போடுவார்கள். பம்பு ஓடிய பிறகு முதலில் புகார் சொன்னவரே திரும்ப வந்து, வேலை முடிந்தது என்று பதிவு செய்வார். செய்தி கேட்டவரிடமே திரும்பிப் போகும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். நம் பத்திரிகைகளில் பெரும்பாலான செய்திகளுக்கு இரண்டாம் பாகம் வருவதே இல்லை.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். ஒரு யோசனை சொல்கிறேன். பழுப்பு நிலக்கரி எடுக்க வேண்டுமானால் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தாக வேண்டும் என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். கிணறு வற்றியது சுரங்கத்தாலா, மழை பொய்த்ததாலா, பக்கத்து போர்வெல்லாலா என்று டீக்கடையில் தினம் சண்டை நடக்கிறது. இருபது கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு டேப்பால் அளந்து, போட்டோவோடு ஒரு ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அளப்பவர்கள் கிணற்றுக்காரர்களாகவே இருக்கட்டும். மழை அளவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். குரூப்பை நடத்த டவுன்ஷிப் பிளாக்கில் குடியிருக்கும் ஒருவரும் நிலம் கொடுத்த ஊரிலிருந்து ஒருவரும் சேர்ந்து அட்மினாக இருக்கட்டும். நிறுவனத்தில் வேலை பார்க்கும் நிலநீர்ப் பொறியாளர்களையும் கூப்பிடுங்கள். வரத் தயங்கினால் மறுபடி கூப்பிடுங்கள். டவுன்ஷிப்பும் கிராமமும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேச இங்கே வேறு இடம் அதிகம் இல்லை.

முதல் சில மாதம் பத்துப் பேர்தான் பார்ப்பார்கள். லைக் வராது, விளம்பரம் வராது. எடிட்டர் இதில் என்ன செய்தி இருக்கிறது என்பார். அவரிடம் நல்லவாட்டைச் சொல்லுங்கள். அக்டோபர் பிறப்பதற்குள் முதல் அளவை எடுத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய கணக்கு உங்கள் கையில் இருக்கும்.