மூச்சு திரும்பிய பிறகு
(வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நல்ல சமாரியன் உவமையில் நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒருவர் உண்டு. அவர் சத்திரக்காரர். காயத்தைக் கட்டியவரை எல்லாரும் அறிவோம். மறுநாள் முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்டவரைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதுண்டா? இன்று அவருடைய வேலையைப் பற்றியே பேசுவோம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வீடற்றோருக்கென ஒரு விடுதி 1969-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. பெயர் பைன் ஸ்ட்ரீட் இன். இன் என்றாலே சத்திரம்தான். இத்தகைய விடுதிகளை வாட்டும் பெருந்துயரம் அபினி இனப் போதைப்பொருள்கள். அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். அந்நகரில் 2003 முதல் 2008 வரை வீடற்றோரின் சாவுக்கு முதற்காரணம் புற்றுநோயுமல்ல, இருதய நோயுமல்ல. அளவு மீறிய போதைப்பொருளே என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பின்னர் வந்த ஃபென்டனிலோ ஹெராயினைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடுமையானது.

நலாக்சோன் என்னும் மருந்தை மூக்கில் பீச்சினால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். 2023 முதல் அங்கே மருத்துவர் சீட்டின்றிக் கடையிலேயே வாங்கலாம். நல்லதுதான். ஆனால் அதன் வலிமை 30 முதல் 90 நிமிடமே. எழுந்தவருக்கோ வாந்தி, நடுக்கம், தாங்கவொண்ணா ஏக்கம். "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று போகப் பார்ப்பார். எதைத் தேடிப் போவார் என்று சொல்லவும் வேண்டுமா?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இவ்வாறு அவசரப் பிரிவில் சிகிச்சை பெற்றுப் பிழைத்த 11,557 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஓராண்டுக்குள் 635 பேர் இறந்தனர். அவர்களில் 130 பேர் முதல் மாதத்திலேயே. அதிலும் 29 பேர் இரண்டே நாளில்!

ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தால் கடமை தீர்ந்ததாக நினைக்கிறோம். கையில் போன் இல்லாதவருக்குத் தொலைபேசி எண் எதற்கு? யேல் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இப்பழக்கமுள்ளோரில் சிலருக்கு விலாசம் மட்டும் தந்தார்கள். சிலருக்கு ஏக்கத்தைத் தணிக்கும் புப்ரெநார்ஃபின் மருந்தை அவசரப் பிரிவிலேயே தொடங்கினார்கள். 30 நாள் கழித்துச் சிகிச்சையில் நிலைத்திருந்தவர், முன்னவரில் நூற்றுக்கு 37, பின்னவரில் 78.

"ஒரு போதைக்கு மற்றொரு போதையா?" என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். முறையாகக் கொடுக்கப்படும் மெதடோன் மருந்தால், பிழைத்தவர்களிடையே சாவு பாதிக்கு மேல் குறைந்ததாக அதே மாநிலத்தின் மற்றோர் ஆய்வு கூறுகிறது. எனினும் இம்மருந்துகளில் ஏதேனும் ஒன்று கிடைத்தது பத்தில் மூவருக்கே.

ரோட் ஐலண்டு மாநிலத்தில் 2014 முதல், இப்பழக்கத்திலிருந்து தாமே மீண்டவர்கள் அவசரப் பிரிவுக்கு வந்து நோயாளியின் அருகில் அமர்கிறார்கள். உபதேசம் செய்ய அல்ல. "நானும் இந்தக் கட்டிலில் கிடந்தவன்தான்" என்று சொல்லக்கூடியவர் சொல்லும் சொல் வேறு. நம் போன்றோர் சொல்லும் சொல் வேறு.

போலீசுக்குப் பயந்து உடனிருப்போர் ஆளைக் கூப்பிடாமல் ஓடிவிடுவதும் உண்டு. உதவிக்கு அழைப்பவர்மீது போதைப்பொருள் வைத்திருந்த வழக்குத் தொடராதபடி மாசசூசெட்ஸில் 2012-இல் சட்டம் வந்தது. அதையும் நல்ல சமாரியன் சட்டம் என்றே அழைக்கிறார்கள்.

விடுதிக்காரருக்கும் வேலை உண்டு. மறுநாள் காலை ஆளைத் தேடி எழுப்பவேண்டும். மருத்துவரிடம் உடன் செல்லவேண்டும். தெருவில் தொலைந்த அடையாள அட்டைக்காக அவரோடு வரிசையில் நிற்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, அவருடைய படுக்கையை வேறொருவருக்குக் கொடாமல் வைத்திருக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்றிரவு இடம் போய்விடும் என்று அஞ்சுகிறவர் ஆம்புலன்சில் ஏறமாட்டார்.