கணினிக் காவல்



தில்லி புசா ரோடு என்றதும் நம்மவர் பலருக்குக் கரோல் பாகில் தமிழர் குடியிருந்த தெருக்களும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் நினைவுக்கு வரும். 1934ஆம் ஆண்டு பீகார் பூகம்பத்தில் இடிந்து, 1936இல் தில்லிக்கு வந்து சேர்ந்த வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் தன் பழைய ஊரின் பெயரையும் உடன் கொணர்ந்தது. அப்பெயரே இச்சாலைக்கும் அமைந்தது. அந்தச் சாலையோரக் கட்டடமொன்றின் மாடியில், இரவிலும் விளக்கணையாத அறையொன்றில் நாங்கள் பணிபுரிகிறோம். எங்கள் தொழில் இணையப் பாதுகாப்பு. ஊர்ப் பெரியோர் "என்ன உத்தியோகம்?" என்று வினவினால், "காவல் உத்தியோகம்" என்போம். அது வேடிக்கைப் பேச்சன்று.

பண்டை மதுரையின் ஊர்க்காவலரை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. அவர்கள் கள்வரின் வழிவகைகளை நூல்வழியே கற்றறிந்தவர்கள். மழை கொட்டும் நள்ளிரவிலும் தெருவில் திரிந்து காத்தவர்கள். எங்கள் பணியும் இவ்விரண்டுமே: திருடனின் கலையைக் கற்பது, பிறர் உறங்கும்போது விழித்திருப்பது.

வங்கி, ஆலை, மருத்துவமனை ஆகியவற்றின் கணினிகள் ஒவ்வொன்றும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கின்றன. எவர் நுழைந்தார், எவ்வூரிலிருந்து, எம்மணிக்கு, எதைத் தொட்டார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். வழக்கத்திற்கு மாறாக ஏதேனும் நேர்ந்தால் எங்கள் திரையில் எச்சரிக்கை தோன்றும். நாளொன்றுக்கு மூன்று முறை ஆள் மாறுவோம். திரைமட்டும் ஆளின்றி இராது. தோன்றும் எச்சரிக்கைகளில் மிகப் பல வெறும் புரளியே. ஒருவர் கடவுச்சொல்லை மறந்து மும்முறை தவறாகத் தட்டியிருப்பார். மற்றொருவர் விடுமுறைக்குச் சென்ற ஊரிலிருந்து அலுவலகக் கணினியைத் திறந்திருப்பார். தொண்ணூற்றொன்பது முறை பொய்யாக ஒலித்த மணி நூறாம் முறை மெய்யாக ஒலிக்கும்போதும் செவி சலியாதிருக்க வேண்டும். இத்தொழிலில் அறிவைவிட அரியது அந்தப் பொறுமையே.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. தச்சன் செய்த நாற்காலி கண்ணுக்குத் தெரியும். காவலன் செய்த வேலையோ, ஒன்றும் நிகழவில்லை என்பதுதான். "ஆண்டு முழுதும் ஒன்றும் நடக்கவில்லையே, உங்களுக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்கும் முதலாளிகளும் உளர். அக்கேள்விக்குத் தில்லியிலேயே விடை இருக்கிறது.

2022 நவம்பர் 23ஆம் தேதி, எய்ம்ஸ் என்னும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணினிகள் தாக்குண்டன. புறநோயாளர் சீட்டு, பரிசோதனை முடிவு, கட்டணம் யாவும் ஏறத்தாழ இரண்டு வாரம் காகிதத்திலும் பேனாவிலும் நடந்தன. தொலைவிலிருந்து வந்த நோயாளிகள் நெடிய வரிசைகளில் காத்து நின்றனர். ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல், உரியவரே படிக்க இயலாதபடி பூட்டப்பட்டதென்று அரசாங்கம் பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு தக்கபடி தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்படாமையே காரணம் என்றும் கூறியது. எளிய மொழியில் சொன்னால், வீட்டினுள்ளே அறைகளுக்கிடையில் சுவரில்லை. தாக்குதலுக்கு ஆளாகாத வேறொரு சர்வரில் பிரதி இருந்தமையால் நோயாளரின் தகவல் மீண்டது. தடுப்புச் சுவரும் தனியே வைத்த பிரதியும் வாழ்வுக்கும் இழப்புக்கும் நடுவே நிற்பவை என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

ஆயினும், எத்துணை வலிய கதவாயினும் உள்ளிருந்து திறந்தால் திறந்துகொள்ளும். திருடன் பெரும்பாலும் பூட்டை உடைப்பதில்லை. மேலதிகாரி எழுதியதைப்போல் ஒரு கடிதம் எழுதுகிறான். வேலை மிகுதியில் எழுத்தர் அதைத் திறந்துவிடுகிறார். சிறிது நேரத்தில் ஐயம் எழுகிறது. சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி மௌனமாகிறார். அந்த மௌனமே திருடனுக்கு உற்ற துணை. எனவே, எங்கள் முதற்கேள்வி "யார் செய்தது?" என்பதன்று, "எப்போது நிகழ்ந்தது?" என்பதே. இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமென்று, 2004 முதல் இயங்கிவரும் செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு 2022இல் ஆணையிட்டது. தவறு செய்தவரைத் தூற்றும் அலுவலகத்தில் இந்த ஆறு மணியும் அச்சத்திலேயே கழிந்துபோகும். நடந்ததை உடனே சொல்பவரைப் பாராட்டும் அலுவலகமோ பாதி ஆபத்தைக் கடந்துவிடும்.

இது வீட்டிற்கும் பொருந்தும். வெளிமாநிலத்தில் வாழும் நம்மவரின் இல்லங்களில், பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் முதியோர் தனித்திருக்கிறார்கள். தொலைபேசியில் ஒருவன் போலீஸ் அதிகாரி என்று இந்தியில் அதட்டுகிறான். காணொளியில் சீருடையுடன் தோன்றுகிறான். "உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்துவிட்டோம், யாரிடமும் பேசாதீர்கள்" என்கிறான். பாதி புரிந்த மொழியில் வரும் மிரட்டல் இருமடங்கு அஞ்சச் செய்யும். சட்டத்தில் அப்படியொரு கைதே இல்லை என்று 2024 அக்டோபர் 27ஆம் தேதி பிரதமர் தம் வானொலி உரையிலேயே எடுத்துரைத்தார். "யாரிடமும் சொல்லாதே" என்பவன் எவனோ, அவனே திருடன் என்று கொள்ளலாம்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அப்பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவி வெளியேறுமுன் வங்கிகளைக் கொண்டு நிறுத்திவைக்க வழியுண்டு. ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது. ஆனால் வெட்கமும், பிள்ளைகள் கடிந்துகொள்வார்களோ என்ற தயக்கமும் அந்நிமிடங்களை விழுங்கிவிடுகின்றன.

ஆகவே, அன்பர்களே, இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அப்பா, அம்மா, எது நடந்தாலும் எங்களிடம் உடனே சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்." எங்கள் மாடி அறையிலுள்ள கருவிகள் எவையும் செய்யவியலாத காவலை அந்த ஒரு வார்த்தை செய்யும்.