வாடகைக்கென்றே எழும் மாடிகள்

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு தொடங்கிய அரசாங்க நில விற்பனைத் திட்டத்தின்கீழ், அரசு தன் நிலத்தைப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட, தனியார் நிறுவனங்கள் தம் முதலீட்டில் கட்டடங்களை எழுப்பி வருகின்றன. அவ்வாறு எழுந்த வீடுகள் பெரும்பாலும் விற்பனைக்கே சென்றதால், நகர மறுசீரமைப்பு ஆணையம் நீண்டகாலச் சேவை அடுக்குமாடி வீடுகள் என்னும் வகையைச் சோதனை முயற்சியாக 2023இல் அறிமுகப்படுத்தியது. அறைகலன்களோடும் பராமரிப்புச் சேவையோடும் குறைந்தது மூன்று மாத வாடகைக்கு விடப்படும் இவ்வீடுகளைத் தனித்தனியாகப் பிரித்து விற்க இயலாது. திட்டத்தின் உயிர்நாடி இந்த நிபந்தனையே. ஹேவ்லாக் ரயில் நிலையத்தை ஒட்டிய ஸயோன் சாலை நிலத்தில் விற்பனை வீடுகளோடு இத்தகைய வாடகை வீடுகளையும் கட்டும் உரிமையை, சிட்டி டெவலப்மென்ட்ஸ் நிறுவனமும் ஜப்பானின் மிட்சுயி ஃபுடோசானும் இணைந்து 2024 ஏப்ரலில் 1.107 பில்லியன் வெள்ளிக்குப் பெற்றன. போட்டிக்கு வேறு எவரும் வரவில்லை. வாடகை வருவாய் மெதுவாகவே திரும்பும் என்பதால் இத்தயக்கம் வியப்புக்குரியதன்று.

ஆனால் இத்தகைய மாடிகளை எல்லா இடங்களிலும் எழுப்ப முடியாது; லிட்டில் இந்தியா வட்டாரத்தின் நிலை வேறு. 1989இல் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட அதன் கடைவீடுகளை இடித்துவிட்டு உயர்மாடிகளைக் கட்ட இயலாது. குறைந்த வருமானத்தினருக்கான ஓரறை, ஈரறை வாடகை வீடுகளோ இந்த அரசு-தனியார் கூட்டு முயற்சிக்கு வெளியே, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பிலேயே நீடிக்கின்றன.